இருபத்தோரு வீட்டுப் பட்டு

பத்து வயதில் நான் ஒரு பட்டுத் துண்டைத் திருடினேன். அந்தத் திருட்டை மறைக்க இன்னொரு துண்டைத் திருடி அதன் இடத்தில் வைத்தேன். அதனால் ஒரு பெண் பொய்க்காரி என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயர் அவளுக்கு விழுந்தபோது நான் அவளிடமிருந்து நான்கடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அறுபத்திரண்டு வருடம் திறக்கவில்லை.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரும். ஆயுசு முழுக்கக் கல்லூரியில் பேசிப் பிழைத்தவன். ஆனால் உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். நம் காலத்தில் ஒரு பெண்ணைப் பற்றி “அவ கை நல்ல கை” என்று தெரு சொன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மதிப்பைத்தான் நான் அழித்தேன்.

எங்கள் வீடு தென்காசியில், பெரிய கோயிலுக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளி. கோபுரம் பிளந்து மொட்டையாக நின்ற காலம். அண்ணன் அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவர். அவரைப் பெற்ற அன்றே அந்த அம்மா இறந்துபோனார். வீட்டில் அவரைப் பெரியம்மா என்போம். ஒரு போட்டோ கூடக் கிடையாது. பல வருடம் கழித்து அப்பா என் அம்மாவைக் கட்டினார். நான் பிறந்தேன். அண்ணனுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம்.

அண்ணனின் மனைவி, என் மதினி, வந்த நான்கு வருடத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தாள். ஒன்று பிறக்கும்போதே உயிரில்லை. இன்னொன்று பதினொரு நாள் இருந்தது. மூன்றாவது உண்டானபோது அம்மா ஒரு முடிவெடுத்தாள். பிள்ளை தங்காத வீடுகளில் அந்தப் பக்கம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கர்ப்பிணி முந்தியை ஏந்தி இருபத்தோரு வீட்டில் பட்டுத்துணி பிச்சை கேட்க வேண்டும். பெற்ற பிள்ளை அத்தனையும் உயிரோடு இருக்கிறவளிடம் மட்டும்தான் கேட்கலாம். அவள் உடுத்திய பட்டாக இருக்க வேண்டும். அவளே தன் கையால் வெட்டி முந்தியில் போட வேண்டும். வாங்கியவள் “போயிட்டு வாரேன்” என்று சொல்லாமல் திரும்பிவிட வேண்டும். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வையில் படுக்கும் பிள்ளை இருபத்தோரு தாய்க்குப் பிள்ளை. எமன் வந்தால் எந்த வீட்டில் போய்க் கேட்பான்?

ஆனி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மதினி ஏழு மாத வயிற்றோடு தெருவில் இறங்கினாள். துணைக்கு நான். சாரல் தொடங்கியிருந்தது. குற்றால மலைப் பக்கமிருந்து காற்று சலித்த மாவு மாதிரித் தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் தூவியது.

ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள். அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தி மட்டும், “வெட்டுதேன், வெட்டுதேன். எங்க வீட்டுக்காரரு கேட்டா எலி கடிச்சிட்டுன்னு சொல்லிருவேன்” என்றாள். கேட்ட மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கடைசி வீடு கம்பவுண்டர் வீடு. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கிற கம்பவுண்டருக்குச் செங்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நான்கு பிள்ளைகள், நான்கும் கொழுகொழுவென்று. தெருவில் எந்த வளைகாப்பு, எந்தப் பூப்புனித நீராட்டு என்றாலும் முதலில் பொட்டு வைக்கக் கூப்பிடுவது அவளைத்தான். கைராசிக்காரி.

அத்தை உள்ளே போனவள் நெடுநேரம் வரவில்லை. பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம். மறுபடி திறக்கும் சத்தம். கடைசியில் வந்து ஒரு சாண் அகலத் துண்டை மதினியின் முந்தியில் போட்டாள். மயில்கழுத்து நிறம். மதினியின் தலையில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றாள்.

அன்று மாலை மதினி இருபத்தோரு துண்டையும் பாயில் பரப்பினாள். நான் அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன். பெரிய ஊர்களின் அருங்காட்சியகங்களில் ராஜாக்களின் உடுப்பைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். அந்தப் பாய் தந்த திகைப்பை எதுவும் தரவில்லை. அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, பாக்கு நிறம். சில துண்டுகளில் கரை இருந்த இடம் மொட்டையாக இருந்தது. பழைய ஜரிகை வாங்க வருகிறவனுக்கு அதை அறுத்துக் கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் மஞ்சள் கறை. ஒன்றில் சந்தன வாசனை, ஒன்றில் வியர்வை. நேற்றுவரை தனித்தனி வீடுகளில் பெட்டிக்குள் இருட்டில் கிடந்தவை. தெருவே எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

தைப்பதற்கு முன் அருவித் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்றாள் அம்மா. வில்வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். சீசன் கூட்டம். எண்ணெய் வாசனை, ஈரச் சேலை வாசனை, பழக்கூடைகளைக் கண்வைத்து உட்கார்ந்திருக்கும் குரங்குகள். அருவி பேச்சையெல்லாம் விழுங்கிவிடும். அதன் பக்கத்தில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அம்மா துண்டுகளை அருவி விழும் இடத்தில் நனைத்து எடுத்துவந்து, நாங்கள் இறங்கியிருந்த சத்திரத்தின் தாழ்வாரத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள். பட்டை வெயிலில் போடக் கூடாது. போட நினைத்தாலும் வெயில் இல்லை. இரண்டு வாரமாகச் சூரியனைப் பார்த்தவர் இல்லை.

“காஞ்சதும் எடுத்துத் துண்டுல சுருட்டி வையிலே. குரங்கு வந்தா வெரட்டு” என்று என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு அவர்கள் குளிக்கப் போனார்கள்.

சத்திரத்துக்குப் பின்னால் அருவித் தண்ணீர் ஓடையாகிச் சிற்றாற்றில் சேரும். அங்கே பையன்கள் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னம்பாளையின் காய்ந்த மடல் படகு மாதிரியே இருக்கும். அதைத் தண்ணீரில் விட்டு யாருடையது முன்னால் போகிறது என்று பந்தயம். எனக்கும் ஒரு மடல் கிடைத்தது. என்னுடையது சுழலில் மாட்டி நின்ற இடத்திலேயே நின்றது. பாய்மரம் வைத்தால் காற்று இழுத்துப் போகும் என்று தோன்றியது. காகிதம் வைத்தேன், சாரலில் கூழானது. என் கைக்குட்டையை வைத்தேன், நனைந்து கனத்துப் படகைச் சாய்த்தது. ஒரு பையன், “ஏலே, ஒன் கப்பலு சாமி கும்பிடுதுலே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓடிப்போய்க் கொடியிலிருந்து மயில்கழுத்தை உருவினேன். அதுதான் ஓரத்தில் இருந்தது. ஈர்க்கில் கோத்து நட்டேன். கீழே வளைவில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு உண்மை. இப்போது அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதும் உண்மை.

மலைக் கணவாய் வழியாகக் காற்று வந்து பட்டில் மோதியது. படகு சுழலைவிட்டுக் கிளம்பியது. மற்ற மடல்கள் ஒவ்வொன்றாகக் கவிழ, இது மட்டும் பாறைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போயிற்று. அப்போது மலைமேல் மேகம் விலகி, ஒரே ஒரு கீற்று வெயில் ஓடைமேல் விழுந்தது. அதுவரை கருநீலமாகத் தெரிந்த பட்டு, பச்சையாகப் பற்றி எரிந்தது. மயிலின் கழுத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தப் பச்சை. கரையில் இருந்த பயல்கள் அதையே பார்த்தார்கள். நான் ஓட மறந்து நின்றேன். மேகம் மூடியது. படகு சிறிய பாலத்துக்கு அடியில் நுழைந்தது. வளைவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

மீதி இருபதைச் சுருட்டி வைத்தேன். மறுநாள் காலைதான் எண்ணுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும், விளக்கேற்றும் நேரம் ஆகுமுன், சாமான் போட்டு வைக்கும் அரங்கு வீட்டுக்குள் போனேன். அங்கே ஒரு டிரங்குப் பெட்டி. பெரியம்மா பெட்டி என்போம். அம்மா அதைத் தொடமாட்டாள். சாவி மாடத்தில் இருக்கும். திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே இருந்த இரண்டு சேலைகளில் ஒன்று மயில்கழுத்து. அந்த இருட்டில் அச்சாக அதே கருநீலம். உள்ளோரத்தில் ஒரு சாண் வெட்டினேன்.

அது யாருடைய சேலை என்று எனக்குத் தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற வயதில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அப்படியும் இருக்கலாம்.

ஆடி முழுக்க மதினி தைத்தாள். அப்பாவின் பழைய வேட்டிகளை மூன்றாக மடித்து அடியில் வைத்து, மேலே பட்டுத் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் நகத்தால் நீவி உள்ளே மடித்து, அரிசி அளவுத் தையல். பெரிசும் சிறிசுமாக, கோணல்மாணலாக வந்த துண்டுகள். எதையும் வெட்டிச் சரிசெய்யவில்லை. “குடுத்தவ கை எப்படி வெட்டுச்சோ அப்படித்தான் இருக்கணும்” என்பாள். அவள் மணிக்கணக்கில் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவளுக்கு ஊசி கோத்துக் கொடுப்பது என் வேலை. சன்னல் வெளிச்சத்தில் நூலை நாக்கில் நனைத்து ஒரே குத்தில் கோத்துவிடுவேன்.

கம்பவுண்டர் அத்தை அடிக்கடி வந்து பக்கத்தில் உட்காருவாள். “என்னலே தையக்காரா, ஊசி கோத்தாச்சா? எங்க வீட்டு மருந்துப் பொட்டலத்துக்கும் ஒன்னய கூப்பிடணும்போல” என்பாள். மயில்கழுத்து, போர்வையின் நடுவில் வந்திருந்தது. ஒருநாள் அதைத் தடவிப் பார்த்து, “எந்துண்டா நடுவுல இருக்கு?” என்று பூரித்துப்போனாள். நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஆவணியில் பிள்ளை பிறந்தான். உயிரோடு, உரக்க அழுதுகொண்டு. போர்வையில் கிடத்தினார்கள். தெரு முழுக்க வந்து பார்த்தது. பட்டுப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். பதினொரு நாள் தாண்டியது. அம்மா கோயிலுக்குப் போய்வந்தாள்.

புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. அப்புறம் ஜன்னி. கண் மேலே செருகி, கை முறுக்கிக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதினார். மூன்றாம் நாள் பிள்ளை போர்வையில் கக்கிவிட்டது. அம்மா அதை அலசி, முதல்முறையாக முற்றத்தில், வெயிலில், கொடியில் போட்டாள். சீசன் முடிந்திருந்தது. பளீரென்ற வெயில்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்தாள். “என்னக்கா இது, மயில்கழுத்து செவக்குது?”

நடுத்துண்டு செக்கச்செவேல் என்று மின்னியது. நீலப் பாவில் குறுக்கே சிவப்பு ஊடை நூல், வெயில் பட்டால்தான் தெரியும். காற்றில் அசையும்போதெல்லாம் ரத்தம் மாதிரித் தெரிந்தது.

“கம்பவுண்டரம்மா கட்டுத மயில்கழுத்து பச்சையில்லா மின்னும்? கோயில் கொடையில பாத்தோமே” என்றாள் இன்னொருத்தி.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள். கையில் மருந்துப் பாட்டில். வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டுவார்களே, அந்தப் பாட்டில். கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்ததைப் பிள்ளைக்காக ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்திருந்தாள்.

அம்மா பாட்டிலை வாங்கவில்லை. “ஒன் சேலையக் கொண்டா” என்றாள்.

“எந்தச் சேலைக்கா?”

“மயில்கழுத்து.”

அத்தை போய் எடுத்துவந்தாள். கொடியில் போர்வைக்குப் பக்கத்தில் போட்டார்கள். பச்சை. சிவப்பு. பச்சை. சிவப்பு. எட்டுப் பத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“இதுல இருந்துதான் வெட்டிக் குடுத்தேன்னு ஒன் புள்ளைங்க மேல கைய வச்சுச் சொல்லு” என்றாள் அம்மா.

நான் கதவோரம் நின்றேன். நான்கடி தூரம் என்று சொன்னேன் அல்லவா, அதுதான். அத்தை வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் முகம் ஈரச் சுவர் மாதிரி ஆயிற்று. சத்தியம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை. அவள் கொடுத்தது பச்சை. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“செத்த புள்ளைய மறைச்சிருக்கா” என்று யாரோ சொன்னார்கள். “இல்லாட்டி எவ சேலையவோ குடுத்திருக்கா.”

அம்மா கத்தரியை வாங்கித் தையலைப் பிரித்து, பிரிக்க முடியாத இடத்தில் இழுத்துக் கிழித்தாள். ஆற்றில் போட வேண்டும் என்றாள். அப்பா எங்கிருந்தோ வந்து, “குடு. நான் போட்டுட்டு வாரேன்” என்று வாங்கிக்கொண்டு போனார். துண்டை அவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

மருந்துப் பாட்டிலை அத்தை திண்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மதினிதான் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாளில் பிள்ளை தேறிவிட்டது. தெருவில் மருந்தை யாரும் நினைக்கவில்லை. துண்டைக் கிழித்ததால் பிழைத்தது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால் என் பயம் இரண்டு மடங்கானது. பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் நான் என்றல்லவா ஆகிறது?

அதன்பிறகு அத்தையை எந்த வீட்டிலும் பொட்டு வைக்கக் கூப்பிடவில்லை. அந்த நவராத்திரிக்கு அவள் வீட்டுச் சுண்டல் வாங்க ஒரு பிள்ளையும் போகவில்லை. தை பிறக்குமுன் கம்பவுண்டர் குடும்பத்தோடு செங்கோட்டைக்கே போய்விட்டார். வண்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது அத்தை தலையைத் திருப்பவில்லை.

அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். நானும் வெகுகாலம் நினைத்தேன். அவள் சித்தி. மூத்தாள் மகனின் பிள்ளைகள் வரிசையாகச் செத்தால் ஊர் யாரை முதலில் பார்க்கும்? பழியைப் போட அவளுக்கு உடனே வேறொருத்தியின் பெயர் தேவைப்பட்டது. எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் அது புரிந்தது.

அப்பா இறந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டை நான்தான் எடுத்தேன். கண்ணாடி துடைக்கிற துணிக்கு அடியில், நாலாக மடித்து, அந்தத் துண்டு. நீலத்தில் சிவப்பு. அவர் ஆற்றில் போடவில்லை. யாருடைய சேலை என்று பார்த்த நொடியே தெரிந்திருக்கிறது. யார் வெட்டியது என்றும் யூகித்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லாமல் அதன்மேல் கண்ணாடியை வைத்து வைத்து எடுத்திருக்கிறார். அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கூட்டோடு எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன ஆனியில் அந்தப் பிள்ளை, போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவன், தன் மகளின் வளைகாப்புக்கு என்னை அழைக்க வந்தான். “அம்மா அந்தப் பட்டுப் போர்வைய எடுத்து வச்சிருக்காங்க சித்தப்பா. பொறக்கப்போற புள்ளைக்காம். நடுவுல ஓட்டை இருக்குன்னா கேக்க மாட்டேங்காங்க” என்று சிரித்தான். அண்ணன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. மதினிக்கு எண்பத்து நாலு. ஓட்டையை அவள் அடைக்கவே இல்லை.

நான் அடுத்த நாள் செங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கம்பவுண்டரின் கடைசி மகன் அங்கே மருந்துக்கடை வைத்திருப்பது தெரியும். பல வருடமாகத் தெரியும். கடைக்குப் பின்னால் வீடு. “அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும். கண்ணுதான் மங்கல்” என்று சொல்லி உள்ளே விட்டார்.

கட்டிலில் ஒரு சின்ன உருவம். “யாரு?”

“தென்காசி, அத்தை. மூணாவது வீடு. மதினிக்கு ஊசி கோத்துக் குடுப்பேன்.”

“தையக்காரனா?” என்றாள். “அந்தப் புள்ள நல்லா இருக்கானா?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டிலிருந்து துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எனக்கு அன்னிக்குச் சேலைய வெட்ட மனசு வரலலே” என்றாள். “நல்ல சேலை. ரவிக்கை வெட்டுன மிச்சம் ஒரு மூட்டையா கெடந்துச்சு. அதுல இருந்து எடுத்துக் குடுத்தேன். எங்க அக்கா ரவிக்கைத் துணி மிச்சமும் அதுலதான் கெடந்துச்சு. அவளுக்கும் மயில்கழுத்து. செவப்பு ஓடுதது. அவ ஒரு புள்ளைய எழவு குடுத்தவ. சாரல் இருட்டுல மாத்திக் குடுத்துட்டேனோன்னுதான் அன்னிக்கு வாயடைச்சு நின்னேன். எம் பிசுனாறித்தனத்துல ஒரு புள்ளைய முடிச்சிருப்பேனேன்னு...”

அவள் துண்டை மடித்து மடியில் வைத்தாள்.

“நாலு புள்ளைக்குக் கல்யாணம் பண்ணேன். ஒண்ணுக்கும் எங்கையால பொட்டு வைக்கல. மருமக வளைகாப்புக்கெல்லாம் அடுக்களையில போயி நின்னுக்கிட்டேன். எங்கைமேல எனக்கே பயம்.”

நான் அழித்தது ஊரில் அவளுக்கிருந்த பெயரை மட்டும்தான் என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். தன் கையின்மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

“ஏலே,” என்றாள் திடீரென்று. குரல் மாறியிருந்தது. “நீ எடுத்தது, அதான் நான் குடுத்தது, அதுல வெயில் பட்டுச்சா?”

“பட்டுச்சு அத்தை. ஒரு நிமிசம்.”

“என்ன நெறம்?”

“பச்சை.”

“நல்லாப் பாத்தியா?”

“பச்சை அத்தை. அப்படி ஒரு பச்சைய நான் பொறவு பாத்ததே இல்ல.”

அவள் தன் இரண்டு கைகளையும் மல்லாத்திப் பிடித்து, மங்கிய கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த அறையில் நான் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. இதற்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை.

பிறகுதான் கோபம் வந்தது. “எங்கிட்ட சொன்னா ஆச்சா? பேரு அங்கனல்லா போச்சு? அங்கன வந்து சொல்லு.”

வளைகாப்பு அன்று மகன் காரில் அவளைக் கூட்டிவந்தார். மடியில் அந்த மயில்கழுத்துச் சேலை. அவள் அதற்குப் பிறகு அதை உடுத்தவேயில்லையாம். கூடம் நிறையப் பெண்கள். அன்று முற்றத்தில் நின்று பார்த்த பெண்களில் உயிரோடு இருப்பது மதினி மட்டும்தான். நான் எழுந்து நின்று சொன்னேன். இளசுகள் செல்போனைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண், “ஒரு துண்டுத் துணிக்கா தாத்தா?” என்றாள். நான் “ஆமா” என்றேன். தாழ்ந்த குரலில் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

மதினிக்குக் கேட்டது. சிவப்புத் துண்டை வாங்கி வெயிலில் நீட்டிப் பார்த்தாள்.

“இது அவுக அம்மா சேலையா?” என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள். “பெத்தவ மொகம் எப்படி இருக்கும்னு சாகுத வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாவ. ஒரு மாசம் அந்தச் சேலை எம்புள்ளய மூடிக் கெடந்திருக்கு. அதையில்லா கிழிச்சு வெளிய அனுப்பினோம். சொல்லியிருந்தா அவுக கையில குடுத்திருப்பேனே.”

அது எனக்கு அதுவரை தோன்றாத கணக்கு. அண்ணனிடமிருந்தும் எடுத்திருக்கிறேன்.

பிறகு மதினி பேத்தியின் தோளைப் பிடித்து எழுந்தாள். கம்பவுண்டர் அத்தைக்கு முன்னால் போய் நின்றாள். முந்தியை ஏந்தினாள்.

கூடத்தில் ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். கம்பவுண்டர் இறந்து பன்னிரண்டு வருடம். தாலியில்லாதவள் மங்கல காரியத்தில் கை நீட்டுவதா என்று இருந்திருக்கும். மதினி திரும்பாமலே, “புள்ளைங்க உசிரோட இருக்கணும்ங்கதுதான் கணக்கு. நாலும் இருக்கு” என்றாள்.

அத்தை கத்தரியைக் கேட்டாள். மகன், “உள்பக்கமா வெட்டும்மா, தெரியாது” என்றார்.

“உள்பக்கமெல்லாம் அப்பவே ரவிக்கைக்கு வெட்டியாச்சு. தலைப்புல வெட்டுதேன்.”

தடவித் தடவி, ஜரிகையோடு சேர்த்து, முந்தானையின் நட்டநடுவில் ஒரு சாண் வெட்டினாள். முந்தியில் போட்டாள். மதினியின் தலையில் கையை வைத்தாள். அன்றுபோலவே ஒரு நிமிடம்.

ஓட்டைக்குப் பச்சை. ஓரத்தில் இருபத்திரண்டாவதாகச் சிவப்பு. மதினி அங்கேயே உட்கார்ந்து தொடங்கினாள். ஊசியையும் நூலையும் எடுத்தபோது நான் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அவள் என் கையைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த ஒரு சிறுமியிடம் அவற்றைக் கொடுத்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பண்டிகைக்குப் பலகாரம் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புகிறாள். கொள்ளுப்பேரன் பிறந்துவிட்டான். போர்வையில்தான் தூங்குகிறானாம்.

அன்று பந்தியில் கம்பவுண்டர் அத்தைக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. பாயசம் வரும்வரை அவள் சாப்பாட்டிலேயே கவனமாக இருந்தாள். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, “ஏலே தையக்காரா,” என்றாள். “அந்தப் படகு எம்புட்டு தூரம்லே போச்சு?”

“கண்ணுக்கு எட்டுத மட்டும் போச்சு அத்தை. மத்ததெல்லாம் கவுந்துட்டு. அது மட்டும் கவுரல.”

“கவுரலயா?”

“இல்ல.”

அவள் பாயசத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

“பட்டுல்லா,” என்றாள்.